வாசல் பதிவு

மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி ஐந்து நிமிடம் கழித்தும் பெட்டியின் நீல விளக்கு மூன்று முறை மினுங்கிவிட்டுத்தான் அணைந்தது.

பீர் முஹம்மது அதைப் பார்த்தார். முப்பத்திரண்டு ஆண்டுகள் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவர். கம்பியைப் பிடுங்கினாலும் உள்ளே கொஞ்சம் மின்சாரம் தங்கும், விளக்கு ஓரிரு விநாடி எரியும் என்பது அவருக்குத் தெரியும். ஐந்து நிமிடம் தங்காது என்பதும் தெரியும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தாம் நேரத்தைத் தவறாகக் கணக்கிட்டதாக முடிவு செய்தார்.

மகன் காஷிஃபின் அறை. கோபாலபுரத்து மாடி வீட்டில், தெருவைப் பார்த்த ஜன்னலோடு. வெளியே மழைக்கு முந்தைய மதியம், விளக்குப் போடும் அளவுக்கு இருட்டிக் கிடந்தது. மேசைமேல் இரண்டு செங்கல்லை நிமிர்த்தி ஒட்டினாற்போல் அந்தக் கறுப்புப் பெட்டி. உள்ளே இரண்டு டிஸ்க். குடும்பத்துப் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. வாசல் கேமரா பிடிப்பதும் அதில்தான் போய்ச் சேரும்.

நாளை, காஷிஃப் இறந்த நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுகிறார்கள். பீர் முஹம்மதின் தங்கை மகன் சைஃப் இன்று மாலை அஸர் தொழுகை முடிந்ததும் வருகிறான். "அன்னைக்கி ராத்திரி என் புள்ள வாசல் வரைக்குமாச்சும் வந்தானான்னு அந்தப் பொட்டியில பாத்துச் சொல்லுடா" என்று அஸ்மத்துன்னிசா அவனிடம் கேட்டிருந்தாள். கணவரிடம் கேட்கவில்லை. கணவர்தான் வரவில்லை என்று சொல்லிவிட்டாரே.

வந்திருந்தான்.

பத்திரிகை கொடுத்து முடித்த நிக்காஹ்வை வேண்டாமென்று உதறிவிட்டு ஊரைவிட்டுப் போனவன், மூன்று வாரம் கழித்து மழையில் வந்து நின்றான். அஸ்மத் அன்று ஆம்பூரில், தன் தங்கை வீட்டில். ஐந்து வயதில் அப்பா சொல்லிக்கொடுத்தபடியே மூன்று முறை தட்டினான். மூன்று முறைக்குத் திறக்காவிட்டால் திரும்பிப் போய்விட வேண்டும், அதுதான் மரியாதை. அவர் திறக்கவில்லை. விடியற்காலை பஸ் நிறுத்தத்து இருக்கையில் கிடந்தவனைத் தெருப் பெருக்குகிறவர்கள் பார்த்துச் சொன்னார்கள். டெங்கு முற்றிவிட்டது என்றார் மருத்துவர். ஊர் கேட்டபோது, அவன் வீட்டுக்கே வரவில்லை என்று பீர் முஹம்மது தலைநிமிர்ந்து சொன்னார். நான்கு தலைமுறையாக வாக்குச் சுத்தமான குடும்பம். யாரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

அன்று காலையே பெட்டியின் கம்பியைப் பிடுங்கிப் போட்டார். உள்ளே இருப்பதை சைஃப் எடுத்துப் பார்க்கப்போகிறான் என்று அவருக்கு நேற்றுத்தான் தெரிந்தது. உடைத்துப் போடலாம்தான். காஷிஃப் தவழ்ந்த படமும் அதில்தான் இருக்கிறது, அஸ்மத் தினம் வந்து அந்தப் பெட்டியைத் துடைத்துவிட்டுப் போகிறாள். ஆகவே பெட்டி உயிர்பெற வேண்டும். அந்த ஒரு இரவு மட்டும் அழிய வேண்டும். சைஃப் வருவதற்குள்.

பெட்டியோ எழவில்லை. கம்பியைச் செருகினால் விசிறி சுற்றும், விளக்கு மினுங்கும், பிறகு எல்லாம் நின்றுவிடும். அடாப்டரை மீட்டர் வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு வோல்ட், குறையில்லை. திருகுகளைக் கழற்றினார். உள்ளிருந்து சூடேறிய தூசியின் வாடையோடு இன்னொன்றும் வந்தது. நனைந்த சட்டையை மடித்து வைத்தால் வருமே, அந்த வாடை.

வேலைக்கு வரும் முத்தம்மா கூட்டிப் பெருக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சாரு, மீன் கழுவுற மாரி கொடல உருவிப் போட்டுக்கினு கீற? பொட்டி பொழைக்குமா?"

"பொழைக்கும். நீ கெளம்பு."

"டாக்டரே சொல்ட்டாரு, அப்பறம் இன்னா" என்று சிரித்தபடி போனாள். வாசற்கதவு திறந்தது. படிமேடையில் அவள் குரல் கேட்டது. "நவுரு நைனா, வழில நின்னுக்கினு." பிறகு செருப்புச் சத்தம் படியிறங்கியது.

கூரியர்க்காரனாக இருக்கும். யாரும் கதவைத் தட்டவில்லை. அவர் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

சைஃபைத் தொலைபேசியில் அழைத்தார்.

"மாமு, அதான் நானே வர்றேனே. நீங்க எதுக்குக் கெடந்து கஷ்டப்படுறீங்க?"

"நா எத்தன டிரான்ஸ்ஃபார்மர் பாத்தவன்டா. வழிய மட்டும் சொல்லு."

"சரி, டிரான்ஸ்ஃபார்மர்னு நெனச்சிக் கட்டையால தட்டிடாதீங்க. ரெண்டு டிஸ்க்கையும் வெளிய இழுங்க. காலிப் பொட்டிய ஆன் பண்ணுங்க. வெளக்கு நின்னு எரிஞ்சா பொட்டி நல்லாருக்குன்னு அர்த்தம். அப்பறம் ஒவ்வொண்ணா உள்ள தள்ளிப் பாருங்க."

இழுத்தார். விரித்த செய்தித்தாளின் மேல் இரண்டையும் கிடத்தினார். கம்பியைச் செருகினார். டக். சற்று இடைவெளி. டக். இன்னும் நீண்ட இடைவெளி. டக்.

"மாமு, யாரோ கதவத் தட்டுறாங்க. போய்ப் பாருங்க, நா லைன்ல இருக்கேன்."

"அது டிஸ்க் சத்தம்டா."

"டிஸ்க்கதான் வெளிய எடுத்துட்டீங்களே."

பீர் முஹம்மது செய்தித்தாளைப் பார்த்தார். இரண்டும் அங்கேயே கிடந்தன. அழைப்பைத் துண்டித்தார்.

சமையலறையில் நாளைக்கான இஞ்சி பூண்டு மிக்ஸியில் அரைபட்டுக்கொண்டிருந்தது. அந்த இரைச்சல் இருக்கும்வரை அஸ்மத்துக்கு எதுவும் கேட்காது. இரண்டாவது டிஸ்க்கை மட்டும் உள்ளே தள்ளினார். விசிறி சுற்றியது. விளக்கு மினுங்கியது. நின்று எரிந்தது.

காஷிஃபின் மடிக்கணினியில் பெட்டி திறந்துகொண்டது. வாசல் என்ற கோப்புறை. அதில் கடைசிப் பதிவு. அன்றிரவு ஒன்று இருபதுக்குத் தொடங்கி, காலையில் அவர் கம்பியைப் பிடுங்கியதோடு முடிந்திருக்க வேண்டும். நீளம் என்ற இடத்தில் இருந்ததை அவர் இரண்டு முறை படித்தார். முப்பத்தொன்பது நாள், பதினான்கு மணி நேரம்.

பார்க்காமல் அழித்திருக்கலாம். விரல் அதைத் தட்டிவிட்டது.

மேலிருந்து தெரியும் படிமேடை. மழைச்சாரல். தோளில் பையோடு காஷிஃப். மூன்று முறை தட்டினான். "அத்தா, நான்தான். காய்ச்சலா இருக்கு. காலைல போயிடறேன்." கதவுக்குள்ளிருந்து அவருடைய குரல், அவரே அறியாத ஒரு நிதானத்தோடு: "இந்த வீட்டுல உனக்குக் கதவு கிடையாது."

அதன்பின் அவன் போயிருக்க வேண்டும். போய்த்தான் அந்த பஸ் நிறுத்தத்தில் கிடந்தான். திரையில் அவன் போகவில்லை. கதவைப் பார்த்தபடி நின்றான். இரண்டு மணி. நான்கு மணி. விடிந்தது. நின்றான். பதிவை ஓட்டினார். அவர் செய்தி கேட்டு ஓடினார். ஆட்கள் வந்தார்கள். சந்தூக்கில் கிடத்திய அவனுடைய மையித்தைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள், அவன் அங்கேயே நின்றான், தூக்கியவர்கள் சந்தூக்கைச் சுவரோரமாகச் சாய்த்து அவனைச் சுற்றிக் கொண்டுபோனார்கள். ஒருவரும் அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஆனால் துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரும் அந்த இடத்தில் ஒரு தோளைத் திருப்பி ஒதுங்கிப் போனார்கள். பால் போடுகிறவர். முத்தம்மா. அஸ்மத்.

அவரும்.

ஒவ்வொரு விடியலிலும் பள்ளிவாசலுக்குப் புறப்பட்ட பீர் முஹம்மது, முதுகு வளையாத பீர் முஹம்மது, தம் வாசலில் சுவரோடு உரசிக்கொண்டு போனார். தினம். அவர் மெல்லத் தலையைத் திருப்பித் தம் வலது தோளைப் பார்த்தார். சட்டையில் சுண்ணாம்புக் கறை.

அழி என்பதை அழுத்தினார். பதிவு நடந்துகொண்டிருக்கிறது என்றது திரை. மறுபடி அழுத்தினார். பதிவு நடந்துகொண்டிருக்கிறது. கம்பியைப் பிடுங்கினார். படம் நிற்கவில்லை. டிஸ்க்கை உருவினார். உள்ளங்கை சுட்டது, காய்ச்சல்காரன் நெற்றியைப் போல. படம் நிற்கவில்லை. திரையின் மூலையில் இன்றைய தேதி. இந்த நிமிடம். இந்த இருட்டு.

அவன் கையைத் தூக்கினான்.

டக்.

பெட்டியிலிருந்து வரவில்லை.

மிக்ஸி நின்றது.

"ஏங்க, யாரோ தட்டுறாங்க."

டக்.

"இருங்க, நா பாக்குறேன்."

திறக்காதே. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஏன் என்பாள். யார் என்பாள். யாரென்று சொன்னால், அன்றிரவு வந்தானா என்பாள். முப்பத்தொன்பது நாள் நிமிர்ந்திருந்த தலை. வாய் திறந்தது. மானம் அதை மூடியது. அப்போதும்.

டக்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம். திரையில் கதவு உள்ளே போனது. மஞ்சள் வெளிச்சம் படிமேடையில் விழுந்தது. அஸ்மத்தின் கை வெளியே வந்தது. இஞ்சியும் பூண்டும் ஒட்டிய கை. அது காற்றில் எதையோ தொட்டது. நெற்றியின் உயரத்தில். அங்கேயே இருந்தது.

கதவு மூடிக்கொண்டது.

படிமேடை காலியாக இருந்தது.

நடையில் காலடி. ஒரே ஒருத்தியின் காலடி. அவர் திரும்பினார். அஸ்மத் அறையை நோக்கி வந்துகொண்டிருந்தாள். அழவில்லை. நடையின் நடுவில் வரவில்லை. சுவரோடு ஒட்டி, தோள் சுண்ணாம்பில் உரச, பக்கத்தில் ஓர் ஆள் நடக்க இடம்விட்டு, அந்த வெற்றிடத்தைத் தோளோடு அணைத்தபடி வந்தாள்.