ஷீட்டு நனையுது...

முதல் துளி மூக்கு நுனியில் விழுந்ததுதான் தாமதம்... பிரீனா ஓடினாள்.

யோசிக்கவெல்லாம் இல்லை. எதிரே ஒரு முற்றம், முற்றத்தில் நீளக் கயிறு, கயிற்றில் வரிசையாக ரப்பர் ஷீட்டுகள். நாற்பதாவது இருக்கும். மேலே கருமேகம். சிதறாலில் ரப்பர் மரங்களுக்கு நடுவே வளர்ந்த ஒருத்திக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நனைந்த ஷீட் பூசணம் பிடித்து விலை போகாது என்று, சோறு தின்றுகொண்டிருந்தாலும் கையை உதறிவிட்டு ஓடுகிற வீடு அவளுடையது.

ஒன்று... இரண்டு... மூன்று... உருவி உருவித் தோளில் போட்டாள்.

"ஏட்டி! அத தொடாத!"

திரும்பினாள். நெடுநெடுவென்று ஒருவன். கோபத்தில்கூடக் கனவு காண்கிற மாதிரி இரண்டு கண்கள்... சே, அதைப் பார்க்கவா இப்போது நேரம்!

"ஏட்டியா? மழ வருது, ஷீட்டு நனயுது, பாத்துட்டு நிக்கியா? அந்தப் பக்கத்திலேருந்து எடு லேய்!"

வேடிக்கை என்னவென்றால், அவனும் எடுத்தான். அதட்டல் ஊர்ப் பாஷையில் வந்ததும் அவன் கைகள் பாட்டுக்குப் பழகிய வேலையைத் தொடங்கிவிட்டன. அவன் அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். கடைசி ஷீட்டை இருவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்தார்கள். மழை அந்த ஒன்றை மட்டும் நன்றாக நனைத்துவிட்டு, வந்த சுவடே தெரியாமல் போய்விட்டது.

அப்போதுதான் பிரீனாவுக்கு உறைத்தது. இது சிதறால் இல்லை. கொச்சி. மட்டாஞ்சேரியின் பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்றில் நடக்கும் கலைக்கண்காட்சி. சுற்றிலும் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு கூட்டம். சுவரில் சின்னப் பலகை: 'காத்திருப்பு. ரப்பர் ஷீட், கயிறு, மழை. படைத்தவர்: ஜெஸ்பின், அருமனை.' அருமனையா? பக்கத்து ஊர்க்காரன்!

"நனயத்தான் போட்டிருந்தேன்..." என்றான் அவன், தோளில் இருபது ஷீட்டோடு. "மழ பட்டு, பூசணம் பூத்து, ஒவ்வொண்ணுலயும் ஒரு படம் வரும்னு நெனச்சேன். மூணு மாசமா ஒரு துளி விழல்ல. இன்னிக்குத்தான் முத மழ."

பிரீனாவுக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. நெய்யூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை அவளுக்கு. இரண்டு வருடம் முன்பு பஸ்ஸில் போகும்போது கைவிரல் தவறிப் பட்டு, செல்போனில் ஒரு படம் திறந்தது. ஏதோ கலைக்கண்காட்சியில் அறை நிறைய உப்பு, நடுவில் ஒற்றை நாற்காலி. இதென்ன கூத்து என்று மூடினாள். மூடிய பிறகும் அந்த நாற்காலி போக மாட்டேன் என்றது. அன்று தொடங்கி, உலகத்து அருங்காட்சியகங்களை எல்லாம் பஸ் சீட்டில் இருந்தே சுற்றி வந்தாள். அறுநூறு படங்கள் சேர்த்து வைத்திருந்தாள். ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்றுதான், தோழி ஜின்சியை இழுத்துக்கொண்டு குழித்துறையில் ரயில் ஏறியது. வந்த இடத்தில் இப்படியா?

"நான்... நெய்யூர்ல லேபில வேல பாக்கேன்... வீட்டு ஞாபகத்தில..."

அவன் உதட்டைக் கடித்தான். அடக்க முடியவில்லை. வெடித்துச் சிரித்துவிட்டான். "நானும் சேந்துதான எடுத்தேன்!"

அந்தச் சிரிப்பில் அவள் ஒரு கணம் கரைந்தே போனாள்... "ஏட்டி பிரீனா, ரயிலு போயிரும்!" என்று ஜின்சி கையைப் பிடித்து இழுக்கும் வரை.

ரயில் கொல்லம் தாண்டியபோது செல்போனில் வந்தது, அவள் ஷீட் உருவிய வீடியோ. யாரோ எடுத்தது. கீழே கேலி மழை. 'கலைன்னா என்னன்னே தெரியாததையெல்லாம் யாரு உள்ள விட்டது?' வீடியோவின் கடைசியில் அவனுடைய சிரிப்பு.

அப்படியென்றால் என்னைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறான்... அறுநூறு படங்களையும் அழித்தாள். நமக்கு ரத்தமும் சளியும் போதும் என்று முடிவு கட்டினாள். முடிவு கட்டியபின் பஸ் ஜன்னலில் பார்க்க ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது.

மூன்று வாரம் கழிந்து ஒரு மத்தியானம், லேப் வாசலில் ஜெஸ்பின் நின்றான். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு சுருள்.

"நெய்யூர்ல எத்தன லேபு உண்டுன்னு தெரியுமா? நான் ஏறி இறங்கினதில இது ஏழாவது."

வரவேற்பில் இருந்தவர்களின் காதுகள் நீளவே, பிரீனா அவனை முற்றத்து சிமெண்ட் பெஞ்சுக்குக் கூட்டிப் போனாள். "கேலி செய்ய வீடியோ போராதா ஒங்களுக்கு?"

"அது நான் போடல்ல. நான் சிரிச்சது என்ன நெனச்சுத்தான்னு அதுக்கு அடியில எழுதினத பாக்கல்லியா?"

"எல்லாத்தையும் அழிச்சிட்டேன். அறுநூறு படம். எனக்குத்தான் கல தெரியாதே..."

அவன் முகம் வாடிவிட்டது. சுருளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு மெல்லச் சொன்னான். "மூணு மாசம் எத்தனையோ ஆளு வந்தாவ. பலகைய வாசிச்சாவ, போனாவ. அய்யோ நனயுதேன்னு பதறி ஓடினது நீங்க ஒருத்திதான். பிறகு நான் ஒண்ணையும் திரும்பத் தொங்கவிடல்ல. கடைசி நாள் வரைக்கும் வெறும் கயிறுதான். பலகையில மழைங்கிறத அடிச்சிட்டு பிரீனான்னு எழுதினேன்."

பிரீனாவுக்குக் கண் முட்டியது. அவன் சுருளைப் பெஞ்சில் விரித்தான். அந்தக் கடைசி ஷீட். மஞ்சள் பரப்பில் இந்த முனையில் ஐந்து விரல், அந்த முனையில் ஐந்து விரல்... பச்சையும் சாம்பலுமாகப் பூத்திருந்தன.

"ஆஸ்பர்ஜில்லஸ்..." என்று அந்தப் பூசணத்தின் பெயரை அவள் உதடு தானாக முணுமுணுத்தது. லேப் புத்தி!

"அது எனக்குத் தெரியாது. இது ஒங்க கையி. அது என் கையி." அவன் குரல் தழைந்தது. "எனக்கு ஒங்கள பிடிச்சிருக்கு, பிரீனா. அன்னிக்கு 'எடு லேய்'னு சொன்னியல்லா... அப்பவே."

அவள் வாய் திறக்கும் முன் வானம் முந்திக்கொண்டது. சடசடவென்று கோடை மழை. ஜெஸ்பின் பதறி எழுந்து ஷீட்டைச் சுருட்டப் போனான்.

பிரீனா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எடுக்காண்டாம். நனயட்டும்."

"பூசணம் கூடுமே..."

"கூடட்டும்." அவள் குனிந்துகொண்டாள். நனைந்த இமைகளுக்குள் ஒரு சிரிப்பு. "எனக்கும் ஒங்கள பிடிச்சிருக்கு. நம்ம ரெண்டு கைக்கும் இடையில எவ்வளவு இடம் கெடக்கு, பாருங்க..."

பிடித்த மணிக்கட்டை அவள் விடவில்லை. இருவரும் அங்கேயே நின்று நனைந்தார்கள்.