கடைசிப் பெயரும் போன பிறகு

அக்கா வீட்டுக்காரரின் டப்பிங் ஸ்டூடியோ நாலாவது மாடியில்; அதன் உள்ளறைதான் அவர்கள் வீடு. லிஃப்ட் வழக்கம்போல் மக்கர். மதிய வெயிலில் மூச்சு வாங்க ஏறிப் போனால், மாமா கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு நின்றார். பல நாள் தூங்காத முகம்.

"சத்தம் போடாம வா மாப்ள. பாப்பா இப்பதான் தூங்குறா."

உள்ளே அடைத்துவைத்த அறையின் புழுங்கல் வாடை. சுவரெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்ததால் என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது. என் அக்கா இங்கேதான் யார் யாரோ நடிகைகளுக்காக அழுதாள், சிரித்தாள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அவள் கடைசியாக டப்பிங் பேசியது, ஒரு தாய் தன் குழந்தையைக் கூப்பிடும் காட்சி.

'பயப்படாத கண்ணு. அம்மாகிட்ட வா.'

அந்த வரிதான் இப்போது யாரும் தொடாமலே ஒலிக்கிறது. ஒலிக்கும்போதெல்லாம் அவள் மகள் பாப்பா தூக்கத்திலேயே எழுந்து நடக்கிறாள். நேற்று மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல் நின்றவளை மாமா இழுத்துப் போட்டிருக்கிறார்.

"ஸ்பீக்கர் வயரையே பிடுங்கிட்டேன். அப்பவும் கேக்குது. ஒரு இடத்துல அழிச்சா இன்னொரு இடத்துல இருக்கு. நீ கம்ப்யூட்டர்காரன், ஏதாவது பண்ணுடா."

அழிக்கச் சொல்வது என் அக்காவின் குரலை. பாப்பாவை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பார்த்தவுடன் விஷயம் புரிந்தது. கோப்பு ஒன்றுதான். பல ஃபோல்டர்களில் பல பெயர்களில் அதற்கு இணைப்புகள் இருந்தன.

"ஒரே ஆள்தான் மாமா. நான் அக்காங்கிறேன், பாப்பா அம்மாங்குறா, நீங்க 'ஏய்'னு கூப்பிடுவீங்க. ஒரு பேரை எடுத்துட்டா ஆள் போயிடுமா? எல்லாத்தையும் எடுக்கணும். கடைசிப் பேரும் போனாத்தான் கோப்பு போகும்."

அவர் சிரிக்கவில்லை.

ஒவ்வொன்றாகத் தேடி நீக்கினேன். நீக்க நீக்க அறை சில்லிட்டது. ஏசி ஓடவில்லை. அக்கா நெற்றியில் தடவிக்கொள்ளும் தைலத்தின் வாசம் என் தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசிப் பெயர்.

"மன்னிச்சிடுக்கா" என்று முணுமுணுத்துவிட்டு நீக்கினேன்.

டிஸ்கில் காலியிடம் கூடியிருக்க வேண்டும்.

கூடவில்லை.

பெயரே இல்லாத கோப்பும் சாகாமல் கிடக்க ஒரு வழி உண்டு. யாராவது அதைத் திறந்து வைத்திருந்தால், அவர்கள் விடும்வரை அது இருக்கும். யார் திறந்திருப்பது என்று கம்ப்யூட்டரைக் கேட்டேன். ஒரே ஒரு வரி வந்தது. அக்காவின் லாகின். அவள் இறந்த வாரமே அந்தக் கணக்கை மூடியவன் நான்.

"மாமா... அக்கா லாகின்ல யாரு இருக்கா?"

"யாருடா இருப்பா?"

அதைத் துண்டிக்கும் கட்டளையை அடித்தேன். அறுபடவில்லை. மறுபடி அடித்தேன். கிறுக்குப் பிடித்தவன்போல் அடித்துக்கொண்டே இருந்தேன்.

வயர் இல்லாத ஸ்பீக்கர் கரகரத்தது.

"விடுடா தம்பி."

அந்த வரி எந்தப் படத்திலும் இல்லை.

"பாப்பா எங்கிட்ட வந்துட்டா."

மாமா உள்ளறைக்கு ஓடினார். படுக்கை காலியாகவும் ஜன்னல் திறந்தும் இருந்ததைப் பார்த்து அவர் போட்ட கூச்சலும், கீழே தெருவில் ஆட்கள் அலறிய சத்தமும் ஒன்றாகக் கேட்டன. பிறகு அவர் தடதடவென்று படியிறங்கும் சத்தம்.

திரையில் அக்காவின் லாகின் வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்ந்திருந்தது. அதில் பாப்பாவின் பெயர் இருந்தது. அவளுக்கு நான் கணக்கே தொடங்கியதில்லை.