பின்னால் இரண்டு எஞ்சின்

குட்டி யானை லோடு வண்டி இரும்புலியூர் சந்துக்குள் பின்னோக்கி வந்து நின்றபோது மணி நான்கு. மழை இன்னும் இறங்கவில்லை. மேகம் மட்டும் இறங்கி, தெருவில் இரண்டு வீடுகளில் அதற்குள் விளக்குப் போட்டிருந்தார்கள்.

"இன்னா சார், மூணாவது மாடியா? லிப்டு கீதா?" வண்டிக்காரர் ஜெயவேலு அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"இல்லண்ணா," என்றான் ஐசக்.

"போன்ல மொத மாடின்னாரே ஒர்த்தரு?"

"அது நான்தான்," என்றான் ஆல்வின், பைக்கை ஓரங்கட்டியபடி. "உண்மையைச் சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

"செத்தான்டா ஜெயவேலு," என்று சொல்லி அவரே சிரித்தார். ஐசக்குக்குச் சிரிப்பு வரவில்லை. வராமல் போய் எட்டு மாதம் ஆகிறது. அதை ஒரு குறையாகக்கூட அவன் நினைப்பதில்லை.

ஆல்வின் அவன் மைத்துனன், ஏஞ்சலின் தம்பி. பிப்ரவரியில் ஏஞ்சல் இறந்த மறுவாரமே ஐசக் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு, திருமுடிவாக்கத்தில் தான் வேலை பார்க்கும் பட்டறைக்குப் பக்கத்தில் ஓர் அறைக்குப் போய்விட்டான். இன்று வீட்டைக் காலி செய்கிறார்கள். சாமான்கள் பெருங்களத்தூரில் மாமியார் வீட்டுக்குப் போகின்றன.

கதவைத் திறந்ததும் பூட்டிய வீட்டின் காற்று முகத்தில் மோதியது. ஈரச் சுவர், பழைய துணி. அவற்றுக்கு அடியில் மெல்லியதாகத் தலைவலித் தைலம்.

எட்டு மாதத்துக்குத் தைல வாசம் தங்காது. ஐசக் ஜன்னலைத் திறந்துவிட்டான்.

"அக்கா கம்ப்யூட்டர் முதல்ல போயிடட்டும் மாமா. மழை வந்தா நாசமாயிடும்." ஆல்வின் படுக்கையறைக்குப் போய்க் கணினியை அட்டைப்பெட்டியில் வைத்தான். அதன் பக்கத்திலிருந்த தகரப் பெட்டியைப் போர்வையில் சுற்றினான். "இதை முன்சீட்டுல வைக்கிறேன். உடையக்கூடாது."

அந்தப் பெட்டியை ஐசக்தான் பட்டறையில் தகடு வளைத்துச் செய்து கொடுத்திருந்தான். ஒரு லீவர். ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் 'டக்' என்று வீடு முழுக்கக் கேட்கும்.

கணவனுக்கும் மனைவிக்கும் அந்த ஒரு விளையாட்டுத்தான். கணினியில் சரக்கு ரயில் ஓட்டுவது. ஐம்பத்தெட்டு நிலக்கரி வேகன்கள், மலை ஏற்றம், முன்னால் இரண்டு எஞ்சின், பின்னால் இரண்டு. முன்னிரண்டும் ஹாலில் இருக்கும் ஐசக்கின் ஒரே லீவருக்குக் கட்டுப்படும். பின்னிரண்டும் படுக்கையறையில் ஏஞ்சலுக்கு. அவன் இழுப்பான், அவள் தள்ளுவாள். தள்ளுவது குறைந்தால் ரயில் ஏற்றத்தில் நின்றுவிடும். உச்சி தாண்டியும் தள்ளினால் வேகன்கள் ஒன்றையொன்று முட்டித் தடம் புரளும்.

மைக்கில் பேசுவது ஏஞ்சலுக்குப் பிடிக்காது. "நிஜ டிரைவருங்க இப்படிக் கத்திக்கிட்டா ஓட்டுறாங்க?" என்பாள். அதனால் ஹாரன். நீளமாக ஒன்று அடித்தால், தள்ளு. குட்டையாக இரண்டு அடித்தால், போதும், விடு. கேட்டவர் அதையே திருப்பி அடிக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் அவள் தைலம் தேய்த்துக்கொண்டு, "தலை பொளக்குதுங்க, படுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"இந்த ஒரு ஏத்தம் மட்டும். முடிச்சிட்டுப் படுத்துக்கோ," என்றான் ஐசக்.

நடு ஏற்றத்தில் அவன் நீள ஹாரன் அடித்தான். பதில் இல்லை. கோபம் போலிருக்கிறது என்று நினைத்தான். பின்னாலிருந்து தள்ளுவது நிற்காமல் வந்துகொண்டிருந்தது. தள்ளுகிறாள் என்றால் உட்கார்ந்துதானே இருக்கிறாள். பதினொரு நிமிடம் ஓட்டினான். உச்சியில் அவனுக்கும் வீம்பு. இரண்டு குட்டை ஹாரனை அவன் அடிக்கவில்லை.

வேகன்கள் புரண்டன. "ஏன் விடல நீ?" என்று கத்திக்கொண்டே போய்ப் பார்த்தான்.

லீவரில் கை. மேசையில் தலை.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, அந்த நிமிடமே போயிருப்பார் என்றார் மருத்துவர். ஹாரனுக்குப் பதில் வராத நேரம் அதுதான். லீவரில் கிடந்த கைதான் தள்ளியிருக்கிறது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் ஐசக் எட்டு மாதம் சாப்பிட்டான், தூங்கினான், பட்டறைக்குப் போய்வந்தான்.

ஆல்வினும் ஜெயவேலுவும் கட்டிலைப் பிரித்துக் கீழே கொண்டுபோனார்கள். ஹாலில் ஐசக்கின் கணினி மட்டும் மிச்சம். அதை ஆல்வினுக்குக் கொடுக்குமுன் விளையாட்டை அழித்துவிடலாம் என்று போட்டான்.

'பயணம் பாதியில் நிற்கிறது. தொடரவா?' என்றது திரை.

அழிக்கும் இடத்துக்குப் போன விரல், தொடரும் இடத்தில் அழுத்தியது.

அதே மலை. உச்சிக்கு மூன்று கிலோமீட்டர். விளையாட்டே சேமித்து வைத்த இடம். திரையின் ஓரத்தில் பின் எஞ்சின்களின் நிலை தெரிந்தது. இன்னொருவர் இல்லாவிட்டால் அவை முன் எஞ்சினோடு இணைந்து, நான்கும் அவனுக்கே கட்டுப்பட வேண்டும்.

'பின் எஞ்சின்: ஓட்டுநர் இருக்கிறார்.'

ஏதோ பிழை என்று நினைத்து லீவரை நகர்த்தினான். ரயில் அசைந்தது. அசைந்த விதத்தில் தெரிந்தது. தள்ளுகிறார்கள்.

மஞ்சள் விளக்கு எரிந்தது. நிமிடத்துக்கு ஒரு முறை எரியும். ஓட்டுநர் விழித்திருக்கிறார் என்று காட்டப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் எஞ்சின் தானே பிரேக் போட்டு ரயிலை நிறுத்திவிடும். ஐசக் தன் விளக்கை அணைத்தான். பக்கத்திலேயே பின் எஞ்சினின் மஞ்சள் விளக்கு.

அதுவும் அணைந்தது.

படுக்கையறையிலிருந்து சத்தம் வந்தது.

டக்.

ஐசக் திரும்பிப் பார்த்தான். கதவு திறந்திருந்தது. வெறும் தரை. மேசை இருந்த இடத்தில் நான்கு தூசித் தடங்கள். தகரப் பெட்டி மூன்று மாடிக்குக் கீழே வண்டியில் இருக்கிறது.

மறு நிமிடம். விளக்கு.

டக்.

அப்போதுதான் அது அவனுக்கு உறைத்தது. அன்றைக்கும் இந்த விளக்கு எரிந்திருக்கும். பதினொரு நிமிடம். பதினொரு முறை. பழகிய 'டக்', அவன் காதில் வாங்கியிருக்கவில்லை. கிடந்த கை லீவரைப் பிடித்திருக்கலாம். பொத்தானை அழுத்தாது. அழுத்தாமல் இருந்திருந்தால் ரயில் அன்றே ஏற்றத்தில் நின்றிருக்கும்.

அப்படியானால் உயிர் இருந்திருக்கிறது. அவன் வேகம் பார்த்து, அழுத்தம் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்த பதினொரு நிமிடமும், பத்தடி தூரத்தில், ஹாரன் அடிக்கக்கூடத் தெம்பில்லாமல்.

டக்.

இப்போது அழுத்துவது யார்? இறந்த பிறகும் அழுத்த முடியுமென்றால் அன்றும் அப்படித்தானா? அந்த நிமிடமே போனபின்தான் பதினொரு முறையும் அழுத்தினாளா?

கேட்க வேண்டும். கேட்பதற்கு அவனிடம் இருந்தது இரண்டே ஹாரன்.

நீளமாக ஒன்று அடித்தான்.

பின்னால், படுக்கையறையின் வெறும் சுவருக்குள்ளிருந்து வருவது போல, நீளமாக ஒன்று. தைல வாசம் கிட்டே வந்தது.

பிடரியில் மயிர் நின்றது. பயம் வந்திருக்கிறது என்று உடம்பு சொன்னது. அவனுக்கு அது யாருக்கோ நடப்பது போலிருந்தது.

இன்னொன்றும் புரிந்தது. 'விடு' என்று அவன் இதுவரை சொல்லவே இல்லை. எட்டு மாதமாக அவள் தள்ளிக்கொண்டிருக்கிறாள்.

உச்சிக்கு நானூறு மீட்டர். இருநூறு. ஹாரன் மேல் விரலை வைத்தான்.

திரை இருண்டது.

"இன்னிக்குமா மாமா?" பிளக் ஆல்வின் கையில் இருந்தது. மூச்சு வாங்கியது. "கீழ அந்தாளு கத்துறாரு, மழை வந்துருச்சு. நீங்க உக்காந்து... அன்னைக்கும் இதத்தான ஓட்டிட்டு இருந்தீங்க?"

ஆல்வின் பிளக்கைக் கீழே போட்டான்.

"சாரி மாமா. வாய் தவறிடுச்சு. அதான் டாக்டரே சொன்னாரே, ஒரு செகண்டுதான், வலியே தெரிஞ்சிருக்காதுன்னு."

"ஆமா மச்சான்," என்றான் ஐசக்.

ஆல்வின் பைக்கில் முன்னால் போய்விட்டான். வண்டியின் முன்சீட்டில் போர்வைச் சுருட்டு இருந்தது. ஐசக் அதை மடியில் வைத்துக்கொண்டான். ஜி.எஸ்.டி. சாலையில் மழை கண்ணாடியை மூடியது.

பெருங்களத்தூர் மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டி திணறியது.

"பீரோல இன்னா சார் வச்சிகீறீங்க, கல்லா?" ஜெயவேலு கியரைக் குறைத்தார். முன்னால் ஒருவன் பைக்கில் நடுச்சாலையில் போய்க்கொண்டிருந்தான். ஜெயவேலு ஹாரனை அழுத்திப் பிடித்தார். நீளமாக ஒன்று.

பின்னாலிருந்து நீளமாக ஒன்று.

ஜெயவேலு கண்ணாடியைப் பார்த்தார். "பின்னாடி வண்டியே காணோமே."

திணறல் நின்றது. வண்டி இலேசாக, சாமானே ஏற்றாதது போல ஏறியது.

"இன்னா சார் இது? யாரோ தள்ற மாதிரி கீது?"

வண்டிக்குள் தைல வாசம்.

உச்சி தாண்டியது. இறக்கத்தின் அடியில் வரிசையாகச் சிவப்பு விளக்குகள், நின்றிருக்கும் பஸ். ஜெயவேலு பிரேக்கை மிதித்தார். சக்கரங்கள் நின்றன. வண்டி நிற்கவில்லை. ஈரச் சாலையில் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"சார்! தள்ளிகினே போவுது சார்!"

ஐசக்கின் கை ஸ்டியரிங்கிலிருந்த ஹாரன் வரைக்கும் போய் நின்றது.

அடித்தால் விட்டுவிடுவாள்.

எட்டு மாதத்தில் முதல் தடவையாக எங்கோ வலித்தது. பஸ்ஸின் பின்பக்க எழுத்துகள் படிக்கும் தூரத்துக்கு வந்துவிட்டன. பக்கத்தில் ஜெயவேலு யாரோ ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

ஐசக் அடித்தான். குட்டையாக இரண்டு.

பின்னாலிருந்து, குட்டையாக இரண்டு.

வண்டி பஸ்ஸுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

ஜெயவேலு இறங்கி மழையில் வண்டியைச் சுற்றி வந்தார். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். திரும்பி ஏறி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெகுநேரம் சாவியைத் தொடவில்லை. "பேஜாரு சார்," என்றார் மெதுவாக. "இன்னிக்கி இதோட சரி. வேற லோடு எடுக்க மாட்டேன்."

வண்டி கிளம்பியது. பின்னால் சுமை சுமையாகவே இருந்தது. தைல வாசம் போய்விட்டது. மழை வாசம் மட்டும்.

முடிந்தது என்று ஐசக் நினைத்தான். உள்ளங்கைகளை மடியிலிருந்த போர்வைச் சுருட்டின் மேல் வைத்துக்கொண்டான். நொடிகளை எண்ண நினைக்கவில்லை. தானாக எண்ணிக்கொண்டிருந்தான். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது.

போர்வைக்குள், அவன் கைக்குக் கீழே, பொத்தான் மெல்ல உள்ளே இறங்கியது.

டக்.