மூன்றாவது ஸ்விட்ச்

லின்சி மாடிப்படியின் பாதியில் இருந்தபோது விளக்கு அணைந்தது.

“என்னங்க, மறுபடியும்!”

கீழே நின்ற எல்வின் கைபேசியை அழுத்தினான், விளக்கு எரிந்தது. லின்சி ஏழு மாத வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையைச் சுவரில் ஊன்றி நின்றிருந்தாள். போன வாரம் இப்படித்தான் ஒரு படி தவறினாள்.

“நீ மேல போய்ப் படு. நான் சரி பண்றேன்.”

“காலைலேர்ந்து இதையேதான் சொல்றீங்க.”

பூதலூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் இந்தப் பழைய வீட்டை வாங்கிக் குடியேறியதிலிருந்தே அந்தப் படிக்கட்டு அவனுக்குத் தலைவலி. ஜன்னல் கிடையாது, பகலிலும் இருட்டு. மேலே ஒரு ஸ்விட்ச், கீழே ஒரு ஸ்விட்ச். லின்சி சுவரைத் தடவித் தேடவேண்டாம், வாயால் சொன்னாலோ கைபேசியில் தொட்டாலோ எரியட்டும் என்றுதான் கீழ் ஸ்விட்சுக்குப் பின்னால் அந்தச் சின்னக் கருவியைப் பொருத்தினான். காலையில் சர்ச்சில் பூசைக்குப் போய் வந்ததிலிருந்து டெஸ்டரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். வெளியே ஐப்பசி மழை, வாய்க்கால் நிரம்பி வயலுக்குள் விழுகிற இரைச்சல், உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாடை, வியர்வை, விரல்களில் வயர் குத்திய எரிச்சல். இத்தனைக்கும் நடுவே விளக்கு அதுபாட்டுக்கு அணைந்துகொண்டே இருந்தது.

கைபேசியில் அந்தக் கருவியின் ஆப்பைத் திறந்தான். ‘சுவர் ஸ்விட்ச் மூலம் அணைக்கப்பட்டது.’

எந்தச் சுவர் ஸ்விட்ச்? இரண்டையும் யாரும் தொடவில்லையே. ஆத்திரத்தோடு படியேறி மேல் ஸ்விட்சையே கழற்றி, வயர்களை முறுக்கி டேப் சுற்றினான். இறங்கி வருவதற்குள் அணைந்தது.

“கருமம் பிடிச்ச லைட்டு!”

ஸ்க்ரூ டிரைவரை வீசினான். அது உருண்டு ஓய்ந்த பிறகு, சுவருக்குள் ‘டக்’ என்று கேட்டது. விளக்கு எரிந்தது.

டெஸ்டரைச் சுவரோடு நகர்த்திக்கொண்டே போனான். வயர் நேராக மேலே போகவில்லை. படிக்கட்டின் நடுவில், வெறும் சுவருக்குள் திரும்பியது.

வீட்டை விற்ற பஞ்சநதத்துக்குப் போன் செய்தான்.

“படிக்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் என்னங்க இருக்கு?”

“ஒரு ரூம் இருந்துச்சு தம்பி. கதவை எடுத்துட்டு செங்கல் வச்சுப் பூசிட்டோம்.”

“உள்ள ஸ்விட்ச் இருக்கா?”

“இருந்துச்சு. உள்ளேயிருந்தே படி லைட்டப் போட்டுக்கறதுக்கு.” குரல் தாழ்ந்தது. “ஏன் தம்பி, லைட்டு எரியுதா?”

எல்வின் போனை வைத்துவிட்டான்.

மெயினை அணைத்தான். சுவருக்குள் போகும் வயர்களை இரண்டு முனையிலும் வெட்டினான். கருவியை மாடியில் விளக்கோடு நேராக இணைத்தான். மெயினைப் போட்டான். இனி எந்த ஸ்விட்சுக்கும் வேலையில்லை. படியிறங்கி வந்து கைபேசியை அழுத்தினான். எரிந்தது.

டக்.

விளக்கு அணையவில்லை. முதல்முறையாக எல்வின் சிரித்தான்.

டக். டக்.

சிரிப்பு நின்றது.

டக் டக் டக் டக். வேகமாக. பொறுமையில்லாமல். காலையிலிருந்து அவன் அழுத்தியது போலவே.

பிறகு நின்றது.

மழை மட்டும். பிறகு, சுரண்டும் சத்தம். உள்ளேயிருந்து.

“லைட்டு நின்னு எரியுதே! சரியாயிடுச்சாங்க?”

லின்சி இறங்கிக்கொண்டிருந்தாள். இடது கை சுவரில்.

வராதே என்று கத்த நினைத்தான். அதற்குள் நடுப்படி. அவள் நின்று மூச்சு வாங்கினாள்.

அவள் கைக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. துளை. துளையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு விரல். நகமில்லை. இருட்டில் ஸ்விட்சைத் தேடுகிறவர்களைப் போல அது சுவரைத் தடவியது. மேலே. கீழே. பக்கவாட்டில்.

லின்சியின் கையைத் தொட்டது.

விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அவள் புறங்கையின் எலும்பு முட்டியை அந்த விரல் ஸ்விட்சைப் போல நிதானமாக அழுத்தியது. ஒருமுறை. மறுபடி ஒருமுறை. மறுபடியும்.

லின்சியின் கண்கள் அணைந்தன. எரிந்தன. அணைந்தன.