9.12-க்கு வந்த மெயில்

காலை 9.43. முத்துமீனா கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது, லிஸ்ட்டில் அவள் பெயரின் மேல் கோடு அடித்திருந்தது.

எழுமலையில் ஐந்தே முக்காலுக்குப் பஸ் ஏறியவள். இரண்டு பஸ் மாறி, வில்லாபுரம் தாண்டி இருந்த அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வந்திருந்தாள். சார்ஜ் தீர்ந்துவிடுமென்று வழியெல்லாம் போனை அணைத்தே வைத்திருந்தாள். பத்தரைக்குக் கடைசிச் சுற்று இன்டர்வியூ. மூன்று பேர், ஒரே ஒரு வேலை.

"நீ வரலைன்னு மெயில் போட்டுட்டியாமே தாயி. மேல இருந்து அடிக்கச் சொன்னாங்க" என்றார் செக்யூரிட்டி சுடலை.

"நான் எதுவும் போடலண்ணே."

அவள் ஃபைலைத் திறந்து இன்டர்வியூ லெட்டரை நீட்டினாள். சுடலை அதை வாங்கிப் படித்தார். சிம்மக்கல் சரக்குக் கிட்டங்கியில் இருபது வருஷம் மூட்டை தூக்கி, இடுப்பு விட்டுப்போய் இந்த நாற்காலிக்கு வந்தவர். மூட்டை தோளில் ஏறும்போதே எடை குறைகிறதென்று சொல்லிவிடும் ஆள். இன்டர்காமை எடுத்தார்.

9.50. ஹெச்.ஆர். ஃபாயிஸா ஒரு தாளோடு இறங்கி வந்தாள். முத்துமீனாவின் ஐ.டி.யிலிருந்து 9.12-க்கு வந்த மெயில் அது. குடும்பச் சூழ்நிலையால் இன்று மூன்றாம் மாடியில் நடக்கும் நேர்காணலுக்கு வர இயலவில்லை, மன்னிக்கவும் என்று இருந்தது. விலகியவரை மறுபடி சேர்க்க விதியில்லை என்றாள் ஃபாயிஸா. பெங்களூரிலிருந்து வந்திருக்கும் பேனல் பன்னிரண்டரைக்கு ஏர்போர்ட் கிளம்பிவிடும் என்றும் சொன்னாள்.

பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும் என்று சுடலை கேட்டார். முத்துமீனா தயங்கித்தான் சொன்னாள். ஐ.டி. போட்டுக் கொடுத்தது சிம்மக்கல் பிரௌசிங் சென்டர் ஜலீல் பாய். யாருக்குப் போட்டாலும் அவரவர் போன் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்துவிடுவார், மறக்காது என்பார். வேலை தேடும் பிள்ளைகள் பாதிப்பேருக்கு அதுதான் பாஸ்வேர்டு. யாரும் மாற்றுவதில்லை.

"அப்ப அந்த பாய்தான்" என்றாள் ஃபாயிஸா.

சுடலை தாளை இன்னொரு முறை படித்தார். "இந்தப் புள்ளைக்கு வந்த லெட்டர்ல ரெண்டாம் மாடின்னுல்ல மேடம் இருக்கு?"

இரண்டாம் மாடியில் ஏ.சி. பழுது. ஒன்பது மணிக்குத்தான் மூன்றாம் மாடிக்கு மாற்றினார்கள். அதை ஃபாயிஸா வாயால் சொன்னது, மேலே காத்திருந்த இரண்டு பேரிடம் மட்டும். சிம்மக்கல்லில் இருக்கும் ஜலீல் பாய்க்கு அது தெரிய வழியில்லை. பஸ்ஸில் வந்துகொண்டிருந்த முத்துமீனாவுக்கும் தெரிந்திருக்காது.

இரண்டு பேரையும் உள்ளே விட்டது சுடலைதான். 8.40-க்கு அனீஸ். சிம்மக்கல் பாத்திரக் கடைக்காரர் மகன். கேட்டில் ஸ்கேன் செய்யவேண்டிய க்யூ.ஆர். கோடை அவன் வாப்பா லேமினேட் போட்டே கொடுத்தனுப்பியிருந்தார். 8.48-க்கு முகேஷ். வந்த மெயிலையே திறந்து நீட்டினான். ஸ்கேனர் படிக்கவில்லை. வெளிச்சத்தைக் கூட்டச் சொன்னார், பிறகு படித்தது. பின்னால் ஸ்டாஃப் வேன் இரண்டு நின்று ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. உள்ளே போன் கூடாது என்பதால் இருவரிடமும் போனை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்து அனுப்பினார்.

10.05. மூன்றாம் மாடி. முத்துமீனாவைக் கீழேயே உட்காரவைத்துவிட்டு, போன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுடலை மேலே போனார். அனீஸின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகேஷ் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு உதட்டுக்குள் எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். மெயில் ஐ.டி. யார் போட்டுக் கொடுத்தது என்று கேட்டதற்கு இருவரும் ஜலீல் பாய் பெயரைத்தான் சொன்னார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. ஆக, முத்துமீனாவின் நம்பரும் இருவரிடமும் இருந்தது.

"ஒம்பது பத்துக்கு நீங்க எந்திரிச்சு வெளிய போனீங்க, அனீஸ்" என்றாள் ஃபாயிஸா.

"பாத்ரூமுக்கு மேடம்."

"எம்புட்டு நேரம்?" என்றார் சுடலை.

"கணக்குப் பார்க்கலண்ணே. காலையிலேருந்து மூணாவது தடவை."

"இன்டர்வியூன்னாலே மாப்ளைக்கு வயித்தக் கலக்கிரும்ணே" என்றான் முகேஷ். அனீஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

சுடலை பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தார். ஒன்றாம் டோக்கன், கண்ணாடி கீறிய பெரிய போன். இரண்டாம் டோக்கன், சின்ன பட்டன் போன். இரண்டும் 8.48-லிருந்து பெட்டிக்குள்தான் பூட்டிக் கிடந்தன. அப்படியானால் 9.12-க்கு இவர்களில் யாரும் அனுப்பியிருக்க முடியாதே என்றாள் ஃபாயிஸா. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

சுடலை பட்டன் போனைக் கையில் எடுத்தார். வாயில் வரப்போவது தன்னையும் சேர்த்துத்தான் மாட்டிவிடும் என்று அவருக்குத் தெரிந்தது. கீழே கேட்டுப் பக்கம் அந்தப் பிள்ளை ஃபைலை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது.

"முகேஷு தம்பி. வாசல்ல வெளிச்சத்தக் கூட்டுங்கன்னு சொன்னேன்ல. எதுல கூட்டுனீங்க?"

முகேஷின் கை மடியிலிருந்த ஃபைலை அழுத்திப் பிடித்தது.

"இதுல மெயிலும் தெறக்காது, வாட்ஸ்அப்பும் வராது. ஸ்கேன் பண்ணது ஒரு போனு. எங்கிட்டக் கொடுத்தது வேற போனு. அது எங்க?"

ஃபாயிஸா கையை நீட்டினாள். முகேஷின் ஃபைலில், ப்ளஸ் டூ சான்றிதழுக்கும் டிகிரிக்கும் நடுவில் அது இருந்தது. முத்துமீனாவின் மெயில் கணக்கு அதில் இன்னும் திறந்தபடியே கிடந்தது.

"எட்டாவது இன்டர்வியூண்ணே இது. வீட்ல என்னத்தச் சொல்ல?" என்றான் முகேஷ். சுடலை அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"கேட்டுல இவரோட ரெண்டு போனும் உங்க கையிலதானண்ணே இருந்துச்சு?" என்று கேட்டாள் ஃபாயிஸா.

"ஒண்ணு கையில, ஒண்ணு கண்ணுல. வேன் நின்ன அவசரத்துல மாத்திக் கொடுத்தத வாங்கிப் போட்டுட்டேன்."

"ரிப்போர்ட்ல நான் இத எழுதணும்."

"எழுதுங்க மேடம். மொதல்ல அந்தப் புள்ளையக் கூப்பிடுங்க."

முகேஷை அனுப்பிவிட்டார்கள். 11.20-க்கு அனீஸ் வெளியே வந்தான். 11.25-க்கு முத்துமீனா உள்ளே போனாள். வர முடியாது என்றவர் எப்படி வந்தீர்கள் என்பதுதான் பேனலின் முதல் கேள்வி. நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் தெளிந்தது. அதன்பின் அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. வெளியே வந்தபோது மணி 12.20.

திங்கட்கிழமை காலை 8.30. முத்துமீனா வேலைக்குச் சேர வந்தாள். கேட்டில் வேறொருவர் நின்றிருந்தார். சுடலை அண்ணனை செக்யூரிட்டி ஏஜென்சி சனிக்கிழமையே நிறுத்திவிட்டதாகச் சொல்லி, ரிஜிஸ்டரை அவள் பக்கம் தள்ளினார். பின்னால் வேன்காரர் ஹார்ன் அடித்தார்.

அவள் நகரவில்லை.

"அவரு வீடு எங்கன்னு சொல்லுங்க, அப்புறம் கையெழுத்துப் போடுறேன்" என்றாள்.