கேட்காமல் இறக்கிய பாட்டு

எனக்குக் கோபம் வந்தால் காது சூடாகும். அந்த வாரம் முழுக்க என் காதில் முட்டையே பொரித்திருக்கலாம்.

காரணம், பள்ளி விழாவுக்கு நான் எழுதி மெட்டுப் போட்ட பாட்டு. பிள்ளைகளைக் கேட்காமலே எல்லாவற்றையும் முடிவு செய்யும் பெரியவர்களைத் திட்டி எழுதியது. அண்ணன் கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடுவதாக ஏற்பாடு.

ஆனால் அவன் குரல் உடையத் தொடங்கியிருந்தது. "எங்களைக் கேட்டீங்களா" என்று உச்சிக்குப் போகும் இடத்தில், எண்ணெய் காணாத கதவு மாதிரி கிறீச்சிட்டது. ஒத்திகையிலும் இப்படியே ஆனால் வேறு பையன் பாடுவான் என்று பாட்டு டீச்சர் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் என் மேல் பாய்ந்தான்.

"மனுஷன் பாடுற மாதிரியா எழுதியிருக்க?"

"உன் தொண்டை கெட்டதுக்கு என் பாட்டு என்ன பண்ணும்?"

அவன் முகம் வாடிவிட்டது. கதவை அறைந்து சாத்தினான். அதோடு பேச்சு நின்றது. சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால்கூட அம்மா வழியாகத்தான் கேட்டோம். தான் என்ன தபால்காரியா என்று அம்மா உப்பை நடுவில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

கோபம் ஆறவில்லை. ஆனாலும் அவன் குரல் கிறீச்சிட்டு எல்லாரும் சிரிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கீபோர்டில் ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால், விரல்கள் அதே இடத்தில் வாசித்தாலும் பாட்டு மொத்தமும் கீழே இறங்கிவிடும். பாட்டின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். ஒத்திகைக்கு முன்னாலேயே போய் இரண்டு கட்டை இறக்கி வைத்தேன். அண்ணனிடம் சொல்லவில்லை. பேசினால்தானே சொல்வதற்கு!

அவன் தொடங்கினான். பாட்டு கிணற்றுக்குள் விழுந்த மாதிரி கேட்டது. கரடி உறுமுவதுபோல் அவன் பாடினான். கூடப் பாடும் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அவன் பட்டனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"என்னைக் கேக்காம ஏன் அமுக்கின?"

"உனக்காகத்தான். ரெண்டு கட்டைதான் இறக்கினேன். நீ என்ன பண்ணின?"

"நான் விரலையே கீழே தள்ளி வெச்சு வாசிச்சுப் பழகிட்டு வந்தேன். ரெண்டு கட்டை இறக்கி. உன் பாட்டு வேற யார்கிட்டயும் போகக் கூடாதுன்னு."

ஆக மொத்தம் நாலு கட்டை இறங்கியிருந்தது. கேட்காதவர்களைத் திட்டுகிற பாட்டை நாங்களே ஒருவரை ஒருவர் கேட்காமல் இறக்கியிருந்தோம். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

அந்த இன்னொரு பையனை அழைத்துவரச் சொன்னார் டீச்சர். என் காது கொதித்தது.

"எந்த உயரம் அண்ணனுக்கு வசதின்னு நீங்களும் கேக்கல டீச்சர், நாங்களும் கேக்கல. இப்ப நான் கேக்குறேன்."

அண்ணனிடம் திரும்பினேன். முதல் சரணம், கோபத்தை அடக்கிக்கொண்டு பேசுகிற இடம். அதற்கு இந்த உறுமல் நன்றாகவே இருந்தது. கடைசிச் சரணத்தில் பட்டன் போட்ட இறக்கத்தை எடுத்துவிட்டால் பாட்டு இரண்டு கட்டை மேலே ஏறும். அந்த உயரம் அவனுக்கு எட்டுமா என்று கேட்டேன்.

அவன் மெதுவாகப் பாடிப் பார்த்துவிட்டு, எட்டும் என்றான். டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து பாடச் சொன்னார்.

விழாவில் முதல் சரணம் உறுமியது. யாரும் சிரிக்கவில்லை. கடைசிச் சரணத்துக்கு முன்னால், கீபோர்டின் பக்கத்தில் நின்றிருந்த நான் பட்டன் மேல் விரலை வைத்து அண்ணனைப் பார்த்தேன்.

"எடுக்கட்டுமா?"

"எடு."

பாட்டு எழுந்து நின்றது. எங்களைக் கேட்டீங்களா என்று அவன் பிசிறில்லாமல் பாடினான். முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.