ஒரு ஆள் போதும்

லாரிக் கேபினின் பின்படுக்கையில் போட்டிருந்த புது மெத்தையின் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது, ஓர் ஆள் ஒருக்களித்துப் படுத்த நீளத்துக்கு. மெத்தையைச் சுற்றி வந்த பிளாஸ்டிக் தாளை டிரைவர் இன்னும் பிரிக்கவே இல்லை.

கையால் நீவிப் பார்த்தார். மெத்தை மெல்ல எழும்பி, மறுபடி அதே இடத்தில் அமுங்கியது. புதுப் பஞ்சு அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

நல்ல உச்சி வெயில். வெளியே தார் ரோடு தண்ணீராக நெளிந்தது. கேபினுக்குள்ளோ குளுகுளுவென்று ஏசி. காற்றடைத்த சீட், உட்கார்ந்ததும் 'உஸ்'ஸென்று ஆளின் கனத்துக்கு இறங்கி இடுப்பைத் தாங்கிக்கொள்ளும். சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்திருந்ததால் இஞ்சின் சத்தம் பக்கத்து வீட்டு மிக்சி மாதிரிதான் கேட்டது. தகரக் கேபினில் பத்து வருஷம் வெந்தவர் அவர். இதையெல்லாம் மாட்டிக் கொடுத்த மெக்கானிக்கூட, "இனிமே வீட்டுக் கட்டில் கசக்கப்போகுது பாருங்கண்ணே. அண்ணி என்னைத்தான் திட்டுவாங்க" என்று சிரித்தான்.

சத்தம் அடங்கியதில் ஒரு சங்கடம், பாருங்கள். முன்பு கேட்காததெல்லாம் இப்போது கேட்டது. முதுகுக்குப் பின்னால், படுக்கைத் திரைக்கு அப்பால், யாரோ சீராக மூச்சு விடுவதுகூட.

"ஏசிக் காத்துதான்."

ஏசியை நிறுத்தினார். மூச்சு நிற்கவில்லை. கூடவே முட்டிவலித் தைல வாடை.

அந்தத் தைலம் மாமாவுடையது. அக்கா புருஷன், ஆறு வருஷம் இதே வண்டியில் மாத்து டிரைவர். ஒருவர் ஓட்டினால் ஒருவர் பின்னால் படுப்பார். தூங்கி எழுந்தவர் தடுப்புத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். ஓட்டுபவர் "வாங்க" என்று சொல்லி வண்டியை ஓரங்கட்டுவார். அவ்வளவுதான், கை மாறிவிடும்.

புதுக் கேபின் மாட்டிய அன்று மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். "இவ்வளவு சொகுசுக்கப்புறம் எதுக்குய்யா ரெண்டு பேரு? ஒரு ஆள் போதும்னு கையெழுத்துப் போடு. இல்லேன்னா உங்க மாமாவை வச்சுக்கறேன், நீ கெளம்பு."

டிரைவர் போட்டார். பிள்ளைகுட்டிக்காரர், வேறென்ன செய்வார்.

மாமாவுக்கு வேறிடத்தில் ஒரு பழைய லாரி கிடைத்தது, படுக்கை இல்லாதது. மூன்றாம் நாள், இதே மாதிரி ஒரு மத்தியானம், நிழலுக்காக லாரிக்கு அடியில் படுத்தார். தெரியாமல் யாரோ வண்டியை நகர்த்திவிட்டார்கள். சாவு வீட்டில் அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

"நீ நல்லா தூங்குடா தம்பி" என்றாள்.

அந்தப் புது மெத்தையில் டிரைவர் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. சீட்டிலேயே சாய்ந்து கண்ணயர்வதுதான். முந்தாநாளிலிருந்து அதுவும் இல்லை. சரக்கு இன்று சாயங்காலம் இறங்கியாக வேண்டும்.

தூங்கக் கூடாது. கன்னத்தில் அறைந்துகொண்டார். சீட் இடுப்பை அணைத்தது. இமை கனத்தது. தைல வாடை நெருங்கியது.

டொக். டொக்.

தகரத்தில் தட்டும் சத்தம். அங்கே இப்போது தகரமே இல்லை.

அது உறைப்பதற்குள் ஆறு வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

"வாங்க மாமா."

முதுகு வலிக்கவில்லை. அதுதான் முதலில் தெரிந்தது. கால் நீட்டிப் படுத்திருந்தார். கன்னத்தில் பிளாஸ்டிக் தாள். உடம்பு அந்தப் பள்ளத்தில் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

திரை இடுக்கில் டிரைவர் சீட். 'உஸ்'ஸென்று இறங்கியது. ஒரு முதுகு. வெளுத்த காக்கிச் சட்டை. தோளிலிருந்து இடுப்புவரை, குறுக்காக, டயர் தடம்.

எழ முடியவில்லை. மெத்தை விடவில்லை. கை மட்டும் வந்தது. சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார்.

சத்தமே இல்லை. பஞ்சு விழுங்கிவிட்டது.

மறுபடி தட்டினார். மறுபடி.

"தூங்கு மாப்ளே" என்றது முன்னாலிருந்து ஒரு குரல், அத்தனை பாசமாக. "ஒரு ஆள் போதும்ல?"

முன்கண்ணாடியில், ரோட்டோரம் ஒரு லாரி நின்றிருந்தது. வண்டி அதை நோக்கி ஒதுங்கியது. லாரிக்கு அடியில் நிழல். கறுப்பாக, குளிர்ச்சியாக, இரண்டு பேர் படுக்கிற அகலத்துக்கு.